என் பெயரில் ஓர் அவசரம்

1

மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மாலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், எனக்காக வெட்டிய லென்ஸ் ஒன்று வீணாகப் போனது.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. அப்போது என் கையில் வேறு வேலை இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் இளைஞர்களைப் பற்றி ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டிருந்தது. 'கற்பதை நிறுத்தாத இன்றைய இளம் தலைமுறை' என்று தொடங்கி அத்தோடு நின்றேன். அந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் முடிக்கலாம். அதனாலேயே எனக்கு முடிக்க வரவில்லை.

2

பின்னறையில் அக்கா, தங்கை இருவர் வேலை செய்கிறார்கள். அக்காவுக்கு இருபத்தாறு வயது, தங்கைக்கு இருபத்திரண்டு. ஒருத்தி வெட்டிய லென்ஸை மற்றவள்தான் சரிபார்க்க வேண்டும். வெட்டியவளே சரிபார்க்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

தங்கை மாலைக் கல்லூரியில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிறாள். அவள் போன பிறகு வெட்டியவை மறுநாள் காலை வரை காத்திருக்கும். மாலையில் கடை ஒருத்தியைத்தான் விடும் என்றபோது, "நீ போடி" என்று சொன்னது அக்காதான்.

(முதல் வரைவில் அக்காவின் இடத்தில் ஒரு கணவனை வைத்திருந்தேன். மனைவி படிப்பதைப் பொறுக்காத கணவனை நீங்கள் பார்த்த மாத்திரத்தில் வெறுத்துவிடுவீர்கள், எனக்கும் வேலை சுலபம். தானாகக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து வேகிறவளை வெறுப்பது அவ்வளவு சுலபமில்லை.)

3

அக்காவுக்கு எதன்மேல் பொறாமை? பட்டத்தின்மேல் என்று எழுதி அடித்தேன். பட்டம் இன்னும் வரவில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையாக இருக்கலாம். தங்கை அதைக் கழற்றாமலே சாப்பிடுகிறாள். கைபேசியைப் பார்த்துச் சிரிக்கிறவளிடம் என்னவென்று கேட்டால், "கிளாஸ்ல நடந்ததுக்கா, உனக்குப் புரியாது" என்கிறாள். அதில் கர்வம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அக்கா ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பாள்.

"அக்கா, கண்ணுக்குள்ள எல்லாமே தலைகீழாத்தான் விழுதாம். மூளைதான் நிமித்தி வைக்குதாம்."

"உனக்கு அது இன்னும் வேலை செய்யல போல. கையில இருக்கிற ஃபிரேமைப் பாரு."

தங்கை சிரித்துக்கொண்டே ஃபிரேமைத் திருப்பினாள். "இத்தனை வருஷமா வெட்டறியே, இதெல்லாம் ஏன் இப்படின்னு உனக்குக் கேக்கவே தோணலையா?"

அக்கா இயந்திரத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

4

அந்த வியாழக்கிழமை தங்கைக்கு ஏழு மணிக்குப் பரீட்சை.

லென்ஸின் மையத்தைக் கருவியில் பார்த்து மையால் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியை வைத்துத்தான் வெட்டுவார்கள். வெட்டி முடித்த பிறகே துடைப்பார்கள். என் லென்ஸில் அக்கா அதை முதலிலேயே துடைத்துவிட்டாள். திரும்பப் புள்ளி வைக்காமல் குத்துமதிப்பாக வெட்டினாள். மையம் தள்ளிப்போனது.

(வேண்டுமென்றே செய்தாளா? மூலையில் உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தவளைப் பார்த்தபடி துடைத்தாள் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல், எழுதுகிற எனக்கும் தெரியாது.)

அக்கா திரையை விலக்கிக்கொண்டு, முன்னால் காத்திருந்த என்னிடம் வந்தாள். "சார், ஒரு லென்ஸ் போயிடுச்சு. வேற வெட்டணும்."

"பரவாயில்லம்மா, அவசரமில்ல. நாளைக்கு வாங்கிக்கறேன்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"அந்தாளு இன்னைக்கே வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நான் வெட்டித் தரேன், நீ செக் பண்ணிட்டுத்தான் போகணும்."

"அய்யோ அக்கா, இந்தப் பரீட்சையை விட்டா வருஷமே போயிடும்."

"அதுக்கு நான் என்னடி பண்ண? சட்டம் நானா போட்டேன்?"

இரண்டு கால்களையும் நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

5

முடிவுகள்.

தங்கை தங்கிவிடுகிறாள், பரீட்சை போகிறது. கோபத்தோடு பக்கத்தைத் திருப்புவீர்கள். வேண்டாம்.

நான் எழுந்து போய்த் திரையை விலக்கி உண்மையை— (இதில் நான் கதாநாயகன் ஆகிவிடுகிறேன். அடித்துவிட்டேன்.)

மூன்றாவதில் தங்கையே வருகிறாள், தோளில் பையோடு.

"சார், நாளைக்குக் காலைல முதல் வேலையா தந்துடறேன் சார். கொஞ்சம் தயவு பண்ணுங்க."

அவளுக்குப் பின்னால் திரையைப் பிடித்தபடி அக்கா, என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'அப்பவே சொன்னேனேம்மா' என்று எழுதினால் பொய் வெளியே வந்துவிடும்.

"சரிம்மா. போய் எழுது."

(இது பெருந்தன்மை இல்லை. பேருந்துக்கு ஓட வேண்டியவளை ஒரு சண்டைக்காக நிறுத்த மனமில்லை.)

தங்கை ஓடினாள். "ஆல் த பெஸ்ட்" என்று அக்கா சொன்னாள். தெருவரைக்கும் கேட்கிற குரலில் சொல்லவில்லை.

6

பத்திரிகைக்கு வேண்டிய முடிவு எனக்குத் தெரியும். 'அன்று அவள் உணர்ந்தாள், கல்வியின்' வரை எழுதியும் பார்த்தேன்.

அன்று இரவு இருவரும் ஒரே அறையில்தான் படுக்க வேண்டும். பரீட்சையில் வந்த கேள்விகளைத் தங்கை ஒவ்வொன்றாகச் சொல்வாள். அக்கா கேட்கிறாளா, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அவளைத் திருத்திவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தங்கை தேறினாள். ஜூன் மாதம் கல்லூரியில் புதிய சேர்க்கை நடந்தது. அக்கா விண்ணப்பிக்கவில்லை.