ஓரத்தில் எழுதிய அரட்டை

குண்டூசி விழுந்தாலும் கேட்கும், பத்தாம் வகுப்பு அப்படி இருக்கும். கணக்கு டீச்சருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. நீள பெஞ்சுகளைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஆளுக்கொரு மேசை, கைக்கெட்டாத தூரம் என்று பிரித்து உட்கார வைத்தவர் அவர்தான். அரட்டைக்குப் போட்ட பூட்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

அன்று காலை, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் அம்மா வந்து நின்றார். தையல் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்; தோளெல்லாம் நூல் துணுக்கு.

"டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர். பள்ளிக்கூடமே வேணாங்கறா."

"காய்ச்சல்னுதானே லீவு லெட்டர் குடுத்தீங்க?"

"அது நாலு நாள்ல போயிடுச்சு. பதினோரு நாளாச்சு, ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கல. 'நான் போகலைன்னா அங்க யாருக்கும்மா தெரியப்போகுது'ன்னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பதினோரு நாளும் ஆப்சென்ட் போட்டது அவர் கைதான். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டாரா?

அதே வயதில் அவரும் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தவர்தான். பக்கத்து இடத்துக்காரி ஒருத்தி, பட்டப்பெயர் லொடலொட. நோட்டுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து எழுதி, நகலைத் தினமும் சாயங்காலம் நீல விரல்களோடு கொண்டுவந்து போடுவாள். பாடம் அரைகுறை, ஓரத்தில்தான் விஷயமே இருக்கும். 'அறிவியல் சார் கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டே தேடினார். உன் இடத்துல என் பையை உட்கார வெச்சிருக்கேன், சீக்கிரம் வா.' அடடா, என்ன நாட்கள் அவை! அந்தக் கிறுக்கல் வந்திருக்காவிட்டால் அவரும் அந்த வருடமே படிப்புக்கு முழுக்குப் போட்டிருப்பார்.

"ஒரே ஒரு வாரம் பொறுங்கம்மா. அப்பவும் வேணாம்னா நானே டி.சி. எழுதித் தர்றேன்."

வகுப்புக்குப் போனதும் கேட்டார்: "அவ வீடு யாருக்காவது தெரியுமா?"

பேசிய குற்றத்துக்காகக் கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார வைக்கப்பட்டவள் மெதுவாக எழுந்தாள்.

"எங்களுக்கு அடுத்த தெருதான் டீச்சர்."

"அப்புறம் ஏன்மா ஒரு வார்த்தை விசாரிக்கல?"

"முதல் நாள் அவகிட்ட பேர் கேட்டதுக்குத்தான் டீச்சர் என்னை இங்க மாத்தினீங்க."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அன்றே மேசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போடச் சொன்னார். ஆபீஸ் அலமாரியின் அடியில் கிடந்த பழைய கார்பன் தாள்களைத் தூசி தட்டி எடுத்துவந்து சுவரோரத்துக்காரியிடம் நீட்டினார். "தினம் பாடத்தை நகல் எடுத்து அவகிட்ட கொண்டுபோய்க் குடு. ஓரத்துல என்ன வேணாலும் எழுதிக்கோ. நான் பார்க்க மாட்டேன்."

ஐந்தாம் நாள், ஓரமெல்லாம் கிறுக்கிய நகல்களை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் புதுப் பெண் வாசலில் நின்றாள். சுவரோரத்துக்காரி பக்கத்து மேசையிலிருந்து தன் பையை எடுத்து இடம் விட்டாள். வகுப்பே கலகலத்தது.

தலைமையாசிரியர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது, சந்தைக்கடை மாதிரி?"

"இருக்கட்டும் சார். கணக்கு நான் சொல்லிக் குடுத்துடுவேன். ஆனா ஒரு பிள்ளை நாளைக்கும் இங்க வரணும்னா, 'நேத்து ஏன் வரல'ன்னு கேக்கப் பக்கத்துல இன்னொரு பிள்ளை வேணும். அதைத்தான் சார் நான் அரட்டைன்னு நினைச்சுத் துரத்திட்டிருந்தேன்."