நிகழ்தகவு ஐந்து

நான் ஒரு நிகழ்தகவுக் கணக்கில் குடியிருந்தேன். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம், கடைசிப் பாடம், பதினான்காவது கணக்கு. ‘குணசீலன், பத்மாசினி இருவரும் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஏதாவது ஒரு நாள் ஒரே மாவு மில்லுக்குச் செல்கின்றனர். இருவரும் ஒரே நாளில் செல்வதற்கான நிகழ்தகவு என்ன?’ குணசீலன் நான்தான்.

ஒரு பிள்ளை தன் நோட்டில் அந்தக் கணக்கைப் போட்டால் எங்களுக்கு ஒரு வாரம் நடக்கும். விடை ஐந்தில் ஒன்று. அதாவது ஐந்து நோட்டுக்கு ஒரு முறை பத்மாசினியைப் பார்ப்பேன். தப்பாகப் போட்டால் தப்பின்படி நடக்கும். பூஜ்யம் என்று எழுதிய பிள்ளைகளை நான் மன்னிக்கவே மாட்டேன். மற்றபடி குறையில்லாத வாழ்க்கை. சொந்த வீடு, நல்ல தண்ணீர், வாரம் ஒரு டின் கோதுமை.

பதினோரு வருடமாக அவளிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்பதுதான். ஆனால் மில்லில் அவளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாவு நைசாக வேண்டுமா கொரகொரப்பாக வேண்டுமா என்று மில்காரர் அந்தோணி கேட்டால் அதற்கே பதில் வராது. அதற்குள் அவர் மெஷினைப் போட்டுவிடுவார்.

இந்த வருடம் தள்ளிப்போட முடியவில்லை. ஜூனில் புதுப் புத்தகம் வருகிறது, அதில் பதினான்காவது கணக்கு இல்லை என்று தகவல் வந்தது. என்னை ஏழாம் வகுப்புக்கு அனுப்பித் தொட்டி நிரப்பச் சொல்வார்களாம். பத்மாசினி வணிகக் கணிதத்துக்குப் போவாளாம். பிப்ரவரியோடு எல்லா நோட்டும் முடிந்துவிட்டன. அம்மை போட்டு லீவில் இருந்த ஜெசிந்தா என்ற பெண் மட்டும் பாக்கி.

ஜெசிந்தா மார்ச் முதல் வாரம் கணக்கைப் போட்டாள். கீழே எழுத வேண்டியதை மேலேயும் மேலே எழுத வேண்டியதைக் கீழேயும் எழுதி, இருபத்தைந்தை ஐந்தால் வகுத்து, விடை ஐந்து என்று கட்டம் கட்டினாள்.

நிகழ்தகவு ஐந்து என்பதால் அந்த வாரம் ஐந்து நாளும் சந்தித்தோம். திங்களன்று மழையைப் பற்றிப் பேசினேன். செவ்வாயன்று மழை வராததைப் பற்றி. புதனோடு கோதுமை தீர்ந்தது. வியாழக்கிழமை கேழ்வரகு. வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் அரைத்த மாவையே மறுபடி அரைக்க எடுத்துப் போனேன். அவள் டின்னிலும் அரைத்த மாவுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்த வேண்டியிருந்தது.

“கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?”

“என்னதுங்க?”

“கல்யாணம்!”

அவள் கையில் படிந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். “அடுத்த தடவை பார்க்கும்போது சொல்றேங்க!” என்று அவளும் கத்தினாள்.

திங்கட்கிழமை ஹேமலதா டீச்சர் அந்த விடையைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். ஐந்து சந்திப்புகளும் அடிபட்டுப் போயின. டின்னைத் திறந்தால் முழுக் கோதுமை. நான் கேட்டது கேட்காததாகிவிட்டது. அவள் சொன்ன அடுத்த தடவையும் இல்லை. எனக்கு அழுகையே வந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

டீச்சர் அதோடு விடவில்லை. ‘இதைச் சரியாகப் பத்து முறை எழுதி வா’ என்று நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார். பத்து முறை ஐந்தில் ஒன்று என்றால் இரண்டு சந்திப்பு. கேட்க ஒன்று, பதில் வாங்க ஒன்று. அந்த அம்மாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஜெசிந்தா ஒன்பது முறைதான் எழுதினாள். டீச்சர் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் ஒரு சந்திப்பு முழுதாகவும் இன்னொன்று ஐந்தில் நான்கு பங்காகவும் கிடைத்தன.

முதல் சந்திப்பில் அந்தோணி சுவிட்சில் கை வைப்பதற்குள் கேட்டுவிட்டேன். “அடுத்த தடவை சொல்றேங்க” என்றாள், இந்த முறை கத்தாமல். அடுத்த தடவை சில வாரம் கழித்து வந்தது. டின்னைக் கீழே வைக்காமலேயே ஆரம்பித்தாள்.

“எனக்குச் சம்மதங்க. ஆனா...”

அங்கே ஐந்தில் நான்கு பங்கு முடிந்தது. நான் என் வீட்டில் நின்றுகொண்டிருந்தேன், டின்னில் ஐந்தில் ஒரு பங்கு கோதுமை அரைபடாமல் இருந்தது.

சம்மதம் சம்மதம்தான் என்று புத்தகம் போடுகிறவர்கள் ஒப்புக்கொண்டு, எங்களைப் பிரித்து அனுப்புவதை விட்டுவிட்டார்கள். ஜூனில் கல்யாணம் நடந்தது. “அன்னிக்கு ‘ஆனா’ன்னியே, அதுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தே?” என்று அவளைக் கேட்டேன்.

“அது நடக்கவே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

நியாயமான பதில். எனக்கு அவளை இன்னும் பிடித்துப்போயிற்று.

புதுப் புத்தகத்தில், புள்ளியியல் பாடத்தில், எங்களுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். அட்டவணையில் ‘வயது 40 – 50’ என்ற வரிசை. நல்ல காற்று வருகிறது. பக்கத்துக் கட்டத்தில் நபர்களின் எண்ணிக்கை மூன்று என்று போட்டிருந்தது. நாங்கள் கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவர் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“வாங்க. குழம்பு கொதிக்குது, யாராவது அரிசி களைஞ்சு போடுங்க” என்றார்.

பத்மாசினி பையை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். நான் மூன்று தட்டுகளைக் கழுவினேன்.