மழை விட்டதும் கன்ஹா

இருபத்திரண்டு வருடம் கூடாரத்தில் படுத்தவனுக்கு, கூடாரம் அடிப்பது எப்படி என்று கைப்பேசியில் வீடியோ காட்டினாள் என் மகள் தனப்பிரியா. நான் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். வருடத்தில் முக்கால்வாசி நாள் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடுகிற பிழைப்பு. மழை பிடித்தால் அந்தக் கரிசல் மண்ணில் வண்டி புதைந்துவிடும். அதனால் ஆனியில் சொந்த ஊர் எருமப்பட்டிக்கு வருவேன், ஐப்பசியில் கிளம்பிவிடுவேன். நடுவில் இருக்கும் நாட்களில்தான் நான் சௌந்திரத்துக்குப் புருஷன்.

போகிற ஊரிலெல்லாம், உன் வீட்டுக்காரி எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் இருக்கிறாள் என்று இந்தியில் சொல்வேன். வேறு எந்த இந்தியும் எனக்கு அவ்வளவு சுத்தமாக வராது.

அவளிடம் போனில் நான் அதிகம் பேசியது கன்ஹா தேசியப் பூங்காவைப் பற்றி. அந்தக் காட்டின் ஓரத்துக் கிராமங்களில் ஆறு சீசன் போர் போட்டிருக்கிறோம். விடிகாலையில் மான் கூட்டம் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். "ஒருக்கா என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்பாள். "மழை உடட்டும், பாக்கலாம்" என்பேன். மழை விட்டதும் நான் மட்டும் கிளம்பிவிடுவேன்.

இந்த வருடம் ஆனியில் வந்தபோது அவள் பாதி ஆளாக இருந்தாள். வயிற்றில் கட்டி. சேலத்து மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, "அவங்க ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க. எதையும் தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அன்றே கேட்டேன். "எங்க போலாம் புள்ள?"

"கன்ஹாவுக்கு."

"அத்தாந் தூரமா? முதுமலைக்குப் போலாம். அங்கயும் புலி, யானை எல்லாம் இருக்குது."

"புலியப் பாக்கோணும்னு எனக்கென்ன வேண்டுதலா? நீங்க இத்தன வருசம் எங்க இருந்தீங்கன்னு பாக்கோணுமுங்க."

நோட்டை எடுத்துப் பட்டியல் போட உட்கார்ந்தேன். தார்ப்பாய், நைலான் கயிறு, பம்பு ஸ்டவ், இருபது லிட்டர் கேன் நாலு, பொன்னி அரிசி ஒரு சிப்பம்.

"மூணு நாளைக்கு இருபத்தஞ்சு கிலோ அரிசியாங்கப்பா?" தனப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சௌந்திரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எழுதட்டும் உடு சாமி. ரிக்குல பத்துப் பேருக்குப் பொங்கியே பழகிட்டாங்க. எனக்கு ஒரு டம்ளர் மட்டும் சேத்தி எழுதச் சொல்லு."

சேலத்தில் ரயிலேறி நாக்பூரில் இறங்குவது, அங்கிருந்து கார், காட்டு வாசலுக்கு வெளியே கூடாரத்தில் மூன்று நாள், காலையில் ஜீப்பில் காட்டுக்குள். ஆடி பத்தாம் தேதி என்று முடிவு செய்தோம். தனப்பிரியா காட்டு ஜீப்புக்கு டிக்கெட் போடப் பார்த்தாள். எந்தத் தேதியும் கிடைக்கவில்லை.

"அப்பா, ஜூலையிலிருந்து செப்டம்பர் முடிய காடு மூடியிருக்குமாம்."

"எவன் சொன்னான்? நான் பாக்காத காடா?" என்று கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு மழைக்காலத்தில்கூட நான் அங்கே இருந்ததில்லை. எங்கள் ரிக்காரர்களில் எவனைக் கேட்டாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பான். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

"ஏன் சாமி மூடறாங்க?" என்றாள் சௌந்திரம்.

"மழையில பாதை போயிருமாம்மா. மிருகமெல்லாம் குட்டியோட இருக்கற காலமாம்."

"அதுகளாச்சும் குடும்பத்தோட இருக்கட்டும்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னாள்.

பிறகு அவளே, "காடு மூடுனா மூடட்டுங்க. நீங்க போர் போட்ட ஊரு வெளியதான இருக்குது? அதக் காட்டுங்க, போதும்" என்றாள்.

போயிருக்கலாம். எப்பாடுபட்டாவது கூட்டிப் போயிருக்கலாம். சேறு, ஈரம், பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை என்று நூறு காரணம் சொன்னேன். கடைசியில் இந்தப் பாழாய்ப்போன வாய் பழைய பாட்டையே பாடியது. "மழை உடட்டும், போலாம்."

"சரிங்க" என்றாள். இருபத்திரண்டு வருடமாகச் சொன்ன அதே சரிங்க.

காடு திறக்கும் முதல் நாட்களுக்கெல்லாம் டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. அக்டோபர் இருபதுக்கு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் பதிவு செய்தோம். இந்த சீசனுக்கு வரமாட்டேன் என்று முதலாளியிடம் முதல்முறையாகச் சொன்னேன். சௌந்திரம் தன் டம்ளரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் எத்தனை நாள் என்று தினமும் கேட்டாள்.

புரட்டாசி முதல் சனி கழிந்த செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "டிக்கெட்ட கேன்சல் பண்ணிரட்டுங்களாப்பா?" என்று தனப்பிரியா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. தனியாகத்தான் ரயிலேறினேன். அவள் பையையும் எடுத்துக்கொண்டேன்.

காட்டு வாசலில் பனி இறங்கியிருந்தது. காவலர் சீட்டில் இருந்த இரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்து, இவர் எங்கே என்று இந்தியில் கேட்டார்.

"வீட்டில் இருக்கிறாள்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுத்தமாக வந்தது.

அவர் அந்தப் பெயரை அடித்துவிட்டு, அடுத்த முறை கட்டாயம் கூட்டி வாருங்கள் என்றார்.

சரி என்று அதற்கும் தலையாட்டினேன்.