பூட்டில் எண்ணெய்

பூட்டின் மேல் எண்ணெய் ஈரம், கம்பிக் கதவெல்லாம் துரு, சங்கிலியெல்லாம் துரு, பொதுமக்கள் உள்ளே வரக் கூடாது என்ற பலகையில் பாதி எழுத்தைத் துரு தின்றிருக்கிறது, பூட்டு மட்டும் நேற்று வாங்கியதுபோலச் சத்தமில்லாமல் திறந்துகொள்கிறது, பதினாறு வருஷமா யாரும் தொறக்கலம்மா என்று காவல்காரர் யோபு சொல்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார், நான் விரலில் ஒட்டிய பிசுக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார், பாலில் விரல் விட்டுப் பார்த்து வாங்குகிறவள் நான், என்னிடமா.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் பாலாற்றங்கரையில் தங்களுக்கென்று சுவர் வைத்துக்கொண்ட கல்லறைத் தோட்டம் இது, பிறகு எங்கள் சபையார் எல்லோருக்கும் என்றானது, பெருவெள்ளத்தில் கல்லெல்லாம் சரிந்த வருஷம் மூடினார்கள், வெள்ளத்துக்காகத்தான் மூடினார்களா, கரையோரத்து மனைக்கு வந்த கிராக்கிக்காகவா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம், அந்தச் சந்தேகத்தோடு யோபுவின் பின்னால் நடக்கிறேன், உள்ளே அப்பா இருக்கிறார், இருக்கவேண்டும், ஆஸ்பத்திரியில் அம்மா வாய் கோணிப் பேச்சு இழந்து கிடக்கிறாள், டாக்டர் கையை விரித்துவிட்டார், பேச்சு இருந்த கடைசி வாரத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, என்னை உங்கப்பா குழியிலயே வச்சிடு, ஒரே குழியில் ஒருவர்மேல் ஒருவராக வைப்பது எங்களில் உண்டுதான், சபைக் குருவானவரும் மறுக்கவில்லை, எது அவர் குழின்னு அடையாளம் காட்டுங்க, தொறக்கச் சொல்றேன், இல்லன்னா ஏரிக்கரைப் புதுத் தோட்டந்தான் என்றார், பதிவேட்டில் ஞானாபரணம், டிராயிங் மாஸ்டர் என்று இருக்கிறது, ஓரத்தில் தலை கிழக்கு என்று இருக்கிறது, எந்த வரிசை என்று இல்லை.

தலை கிழக்கு, அதை மறப்பேனா, எனக்குப் பத்தொன்பது வயது, மழை கொட்டுகிறது, முன்வாசலில் முழங்கால் தண்ணீர், பின்வாசல் வழியாக அப்பாவின் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள், வழி மாறியதில் திசையும் மாறி, மேற்கே இருக்கவேண்டிய தலையைக் கிழக்கே வைத்து இறக்கிவிடுகிறார்கள், உயிர்த்தெழும் நாளில் எல்லோரும் கிழக்கே பார்த்து எழவேண்டும், சபையைப் பார்த்தபடி மேற்கு முகமாக எழுவது நாங்கள் ஐயர் என்கிற குருமாருக்கு மட்டும் உள்ள முறை, கயிறு உருவியாயிற்று, யாரோ முணுமுணுக்கிறார்கள், டிராயிங் மாஸ்டருக்கு ஐயரு மரியாதையா, அம்மா நனைந்துகொண்டு நிற்கிறாள், அழவில்லை, விடுங்க, மண்ணு தானே என்கிறாள், அதற்குப் பிறகு என்னை இங்கே வரவே விடவில்லை, கல்லறையில் பூ வைக்கிறவர்களை, மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது, மண்ணுகிட்ட என்ன பேச்சு, அவரு அங்க இல்ல என்பாள், தையல் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள், அப்பாமேல் இவளுக்குப் பிரியமே இல்லையோ என்றுகூட நான் சந்தேகப்பட்டிருக்கிறேன், வெட்கம்தான், ஆனால் பட்டிருக்கிறேன்.

யோபு என்னை இடப்பக்கமே இழுத்துப் போகிறார், வெள்ளைக்காரக் கல்லெல்லாம் எங்கே என்கிறேன், திருட்டுக்குப் பயந்து ஷெட்டுல அடுக்கி வச்சிருக்கம்மா என்கிறார், நம்பவில்லை, வலப்பக்கம் வாகை மரத்தடி, அங்கே போகிறேன், அங்க பாம்பு இருக்கும்மா, இருக்கட்டும், இடுப்பளவு முள்ளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவு இடம், ஒரு புல் இல்லை, பெருக்கிய தடம் இருக்கிறது, யாரைப் புதைச்சீங்க இங்க, என்று கத்திவிட்டேன், கமிட்டிக்குத் தெரியுமா, போலீசுக்குப் போகவா, எழுபது வயது மனிதர், மரத்துக் கவட்டையில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டுகிறார், நீள மூக்கு வைத்த பச்சைக் குப்பி, கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியது, எங்கள் வீட்டுத் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி, காணாமல் போய் மூன்று வருஷம், வேலைக்கு வந்த மரகதம்தான் எடுத்தாள் என்று சாதித்தேன், அவள் அழுதுகொண்டே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

செவ்வாக்கெழம தவறாம ஒங்கம்மா வருவாங்கம்மா என்கிறார் யோபு, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க, வெளிய தெரிஞ்சா என் வேலையும் போயிடும், பூட்டு கிறீச்சுன்னா தெருவுக்குக் கேக்குமேன்னு அவங்களே எண்ணெய் கொண்டாந்தாங்க, செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம் என்று பைபிளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாளே, அந்தச் செவ்வாய், நேத்துச் செவ்வாயும் அவங்க வரல, நான்தான் பழக்கத்துல ரெண்டு சொட்டு உட்டேன், இந்தாங்க, இங்க தலமாடு என்று கிழக்குப் பக்கம் மண்வெட்டியால் சுரண்டுகிறார், வண்டலுக்கு அடியில் சிமெண்டுக் கல், ஞானா என்ற எழுத்து, அன்னிக்குப் பெட்டிக்கு முன்கயிறு பிடிச்சவன் நான்தாம்மா, தெச தெரியாம திருப்புனவனும் நான்தான், அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன், என்ன சொன்னாங்க என்கிறேன், நல்லதாப் போச்சு யோபு, எல்லாரும் அந்தப் பக்கம் பாத்து எந்திரிக்கட்டும், இவரு என்னைப் பாத்து எந்திரிக்கட்டும்னு சொல்லிட்டு, தோ இந்தக் கால்மாட்டுலதான் உக்காருவாங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க. முந்தானையை முகர்ந்தேன், அம்மாவின் மடி வாசனை, வாசலிலேயே தெரிந்திருக்கவேண்டும், தெரியவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

குருவானவர் வந்து கல்லைப் பார்த்தார், மறுநாள் அம்மா போய்விட்டாள், அதே குழியைத் திறந்தார்கள், இந்தத் தடவை யோபு ஓரமாக நின்று திசை சொல்கிறார், மேற்கே தல, மெதுவா, மேற்கே, எல்லோரையும்போல அம்மா கிழக்கே பார்த்து எழுவாள், எதிரே அப்பா இருப்பார், மழையில்லை, அம்மா நனையாமல் போகிறாள். மரகதத்தைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், வாசலோடு பேசி அனுப்பிவிட்டாள், சரிதான். இப்போதும் துருப்பிடித்த கதவு, துருப்பிடித்த சங்கிலி, பூட்டின் மேல் எண்ணெய் ஈரம், குப்பி என் பையில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை எங்கேம்மா போற என்று என் மகள் கேட்கிறாள், ஐக்கிய சங்கத்துக்கு என்கிறேன், அவள் என் விரலைப் பிடித்து முகர்ந்து பார்க்கிறாள்.