கிளேஸு

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணாடம் பஸ்ஸில்தான் கனிமொழி அந்தப் பேச்சை முதன்முதலாகக் கேட்டாள். முன் சீட்டில் இருந்த காலேஜ் பெண் ஒருத்தி, போனில் இங்கிலீஷைக் குழைத்துக் குழைத்துப் பேசிய தோழியின் தொடையில் தட்டி, "போதும்டி, ரொம்பக் கிளேஸு அடிக்காத" என்றாள்.

கிளேஸு என்றால் பீங்கானுக்குப் பூசும் பளபளப்பு. விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளில் புழங்குகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சொல். கனிமொழியும் அப்படி ஒரு கம்பெனி ஆபீஸில்தான் இருக்கிறாள். வெளியூர் வியாபாரிகளிடம் போனில் ஆர்டர் பேசுவது அவள் வேலை. ஆனால் பேச்சுக்குக் கிளேஸு பூசி அவள் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, "அதென்னம்மா, பேச்சுல கிளேஸு?" என்றாள்.

"தெரியாதாக்கா? எங்க வீராயி அத்தை பீங்கான் கம்பெனியில கிளேஸுல முக்குற எடத்துல வேலை பாக்குறாங்க. அங்க ஆபீஸ்ல ஒரு அக்காவாம். அவங்க அம்மாவும் அங்கியே கூலிதான். அக்கா ஒருநா தஸ்ஸு புஸ்ஸுன்னு போன் பேசிக்கிட்டு இருக்கும்போது அந்தம்மா வந்து வூட்டு சாவி கேட்டிருக்காங்க. யாரு அதுன்னு போன்ல கேட்டதுக்கு, 'நத்திங் சார், லேபர்'னுட்டாங்களாம். அதுலேருந்துதான்."

கனிமொழிக்குக் காதெல்லாம் சுட்டது. கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அம்மா காதில் அது விழவில்லை என்றுதான் இத்தனை மாதமும் நம்பியிருந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு பேசாமல் போன அம்மா, அன்றைக்கும் எப்போதும்போலத்தானே சோறு போட்டாள்.

முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்ட அம்மா காசியம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கனிமொழி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யம்மா, கிளேஸு அடிக்கிறதுன்னு மொதல்ல சொன்னது யாரு? வீராயி அக்காவா?"

காசியம்மாளின் கை நின்றது.

"நான்தான்."

அம்மா மெதுவாக மேலே சொன்னாள்.

"வீராயி அன்னிக்கு ஜன்னலோரம் நின்னுக்கிட்டு இருந்தா. பெத்தவளப் போயி லேபருங்குது பாருன்னு எல்லார்கிட்டயும் ஆரம்பிச்சிட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அது அப்படி இல்லடி, ஆபீஸுன்னா கிளேஸு போட்டுத்தான் பேசணும், எம் பொண்ணு பேச்சு எப்படி மின்னுது பாருன்னேன். சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். அது இப்படி ஊரெல்லாம் சுத்தும்னு நான் கண்டனா."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள் கனிமொழி. வியாபாரிகளிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற மாதிரியே அதுவும் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கீரைக்கட்டை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸோடு அம்மா வேலை செய்யும் இடத்துக்கே போனாள். வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கிப்போனார்கள். வீராயி நகர்ந்து இடம்விட்டு, "வாங்க மேடம்" என்றாள். அதில் கேலி இல்லை, மரியாதைதான். கனிமொழியால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே சோற்றைப் பிசைந்தாள். காசியம்மாள் தன் தூக்கிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அந்தச் சோற்றின்மேல் வைத்தாள்.