டோரின் வீட்டுக்கு மேலே நிற்கும் விமானம்

1996ஆம் ஆண்டு கொழும்பு கொட்டாஞ்சேனையில் விழுந்துகொண்டிருந்த சின்னப் பயிற்சி விமானம் ஒன்று, டோரின் வீட்டு ஓட்டுக் கூரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே, மூக்குக் கீழாக அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரமாதலால் பார்த்தவர்கள் ஏராளம். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டோரின் நிமிர்ந்து பார்த்து, "விழாத," என்று சொன்னாளாம், அதுவும் கேட்டதாம். இதில் வியக்க ஒன்றுமில்லை. அவள் கையைக் காட்டினால் அந்தத் தெருவில் தண்ணீர் பவுசர் வண்டியும் நிற்கும். விமானி ஷிப்லி அவள் சாத்திய ஏணி வழியாக இறங்கி வந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்தான். "ஸ்டிக்க இழுத்தன் அக்கா, வால் கேக்கவே இல்ல," என்றான்.

அந்த வாலைப் பழுதுபார்த்தவன் டோரினின் கணவன் செபஸ்தியன். இரத்மலானையில் ஒரு விமானப் பயிற்சிப் பாடசாலையில் மெக்கானிக். நகரில் குண்டு வெடித்த மறுநாள், தமிழரை வேலைத்தலங்களுக்கே போய்ப் பொறுக்கினார்கள். செபஸ்தியன் வாலுக்குப் போகும் கம்பியின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது பொலிஸ் ஜீப் வந்தது. வேலை பாதியில் கிடக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னான். வாயை மூடு என்றார்கள். வேலையை மேற்பார்க்கும் போர்மன் உள்ளே எட்டியும் பார்க்காமல் வாலின் மூடியைப் பூட்டி, சரியென்று விமானத்தை அனுப்பிவிட்டார். அது தலைகுத்தியதும், தமிழன் செய்த நாசவேலை என்று முடிவுகட்டினார்கள். நினைத்தால் இன்றும் வயிறெரிகிறது. பிடித்துக்கொண்டு போனவர்கள் யார், குற்றவாளி யார்?

ஆனால் விழுந்த வேகத்தில் அந்த மூடி கழன்று போயிருந்தது. உள்ளே, பாதி முறுக்கிய நட்டைக் கடித்தபடி செபஸ்தியனின் ஸ்பெனர் அப்படியே இருந்தது, அவன் பெயர் பொறித்தபடி. நாசம் செய்ய வந்தவன் பெயரெழுதிய ஸ்பெனரை விட்டுவிட்டா போவான்? விமானம் நொறுங்கியிருந்தால் அந்தச் சாட்சியும் அதோடு போயிருக்கும்.

அதனால்தான் அதை இறக்க மேலிடம் துடித்தது. கயிறு கட்டி லொறியால் இழுத்தார்கள். லொறியின் முன்சில்லுகள் தரையை விட்டு எழும்பினவே தவிர விமானம் அசையவில்லை. டோரின் ஏணியை எடுக்கவிடாமல், வந்தவர்களையெல்லாம் ஏற்றிவிட்டாள். முகத்துவாரத்து மீன்காரரும் புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகளும் ஏறிப் பார்த்தார்கள். ஏறிப் பார்க்கும்படி அதிகாரிகளிடமும் சிங்களத்தில் சொன்னாள்: "நெகலா பலன்ன, மாத்தயா." ஒருவரும் ஏறவில்லை. தொப்பையும் ஒரு காரணம். இரண்டு வருடம் கழித்து ஒரு நீதவான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். அடுத்த மாதம் செபஸ்தியன் மெலிந்து, ஒரு காது கேளாமல் வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் மேலே பார்த்தான். "இனி இறங்கட்டுமே, டோரின். பாவம்."

"உங்கள விட்டவங்களே தவிர, செய்தது பிழையெண்டு ஒருத்தனும் சொல்லேல்ல," என்றாள் அவள். "இந்த முத்தத்தில வந்து நிண்டு சொல்லட்டும். அது வரைக்கும் நிக்கும்."

நின்றது. போர்மன் ஓய்வுபெற்றார். யுத்தம் முடிந்தது. சொல்ல வேண்டியவர்கள் வரவில்லை. பக்கத்து வீட்டு ஐறீன் மாடி கட்டியபோது, இறக்கை வரும் இடத்தில் சுவரைக் கொஞ்சம் வளைத்துக் கட்டச் சொன்னாள். மேசன் ஏணியில் ஏறி இறக்கையை அளவெடுத்தான்.