இரண்டின் அடுக்கில் ஒரு கணவர்

எதிர் வீட்டு டீச்சரிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கணக்கில் நூறு வாங்கினார்கள். அவள் வீட்டுக்காரர்தான் முட்டை வாங்கினார். தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர் அவர். மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் துறைத் தேர்வில் கணக்குத் தாளைத் தாண்டியாக வேண்டும். தாண்டப் போன ஒவ்வொரு முறையும் குப்புற விழுந்துவிட்டு வந்தார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறா, கட்டினவனுக்குச் சொல்லிக் குடுக்க முடியலையே" என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பேசவில்லை. அவர்கள் பேசியதை மேல்மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

பேச்சு காதுக்கு எட்டியதும் டீச்சர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கரும்பலகை வாங்கி வந்து கூடத்தில் மாட்டினாள். ஏதோ மூடிப்போன பள்ளிக்கூடத்துப் பலகை. அது சரியில்லை என்று முதல் வாரமே எனக்குப் பட்டுவிட்டது. டியூஷன் பிள்ளை ஒன்று அதில் பென்சில் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் போக, மாலையில் மேசை மேல் பென்சில் குவிந்து கிடந்தது. எல்லாம் ஒரே நீளம். எல்லாவற்றின் முனையிலும் ஒரே பல் கடித்த தடம்.

"பசங்க மறந்துட்டுப் போயிருக்கும்க்கா" என்றாள் டீச்சர்.

பென்சிலை மறப்பார்கள், சரி. எல்லாரும் ஒரே பல்லாலா கடிப்பார்கள்?

பம்ப்காரருக்குப் பாடம் அடுக்கு விதியில் ஆரம்பித்தது. ஒரே எண்ணின் இரண்டு அடுக்குகளைப் பெருக்கினால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நடுவுல பெருக்கல் குறியைப் போட்டுட்டு மேல கூட்டுங்கறே. என்னடி நியாயம் இது?"

"நியாயம் இல்லீங்க, விதி. போடுங்க."

நோட்டில் 2² × 2² என்று கொடுத்தாள். மனிதர் பிடிவாதமாக மேலே இருந்த இரண்டையும் இரண்டையும் பெருக்கி 2⁴ என்று எழுதினார். கூட்டினாலும் நாலு, பெருக்கினாலும் நாலு. டீச்சர் விடையைப் பார்த்து டிக் அடித்தாள். 'பெருக்கினதுக்குத்தான் டிக்' என்று அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் ஏறிவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்த கதை.

விடுமுறை நாள், உச்சி வெயில். நான் சர்க்கரை கேட்டு, முன்பு அவர்களிடம் வாங்கிய கிண்ணத்தோடு போயிருந்தேன். எங்கள் வீட்டில் சர்க்கரை இருந்தது, அது வேறு விஷயம். பாடம் நடப்பதைப் பார்த்து ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

"எழுத்துல போட்டா உங்க தலையில ஏறாது. உங்களையே வெச்சுக்குங்க" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒரு ஆள். ஒரு தடவை இரட்டிச்சா ரெண்டு ஆள். ரெண்டு தடவை இரட்டிச்சா நாலு. அது ரெண்டு அடுக்கு ரெண்டு. அதுக்கு மேல இன்னொரு தடவை இரட்டிச்சா?"

"நான் ஒருத்தன் இருக்கறதே உனக்குத் தாங்கலை. இதுல இரட்டிக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு அவர் பலகையில் எழுதினார்: 2² × 2¹. இரண்டையும் ஒன்றையும் பெருக்கினார். விடை 2².

பலகையிலிருந்து சாக்பீஸை எடுத்த அதே நொடியில் குளியலறைக்குள் யாரோ இருமினார்கள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. பார்க்காமலா உள்ளே போய் உட்கார்வேன்? அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒருவர், எங்களுக்கு முதுகு காட்டி, குழாயை வெறித்தபடி நின்றார். பம்ப்காரர் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை, பின்கழுத்தில் அதே மரு. படுக்கையறைத் திரைச்சீலைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. மூச்சு மட்டும் விட்டார்கள், பலகைக்கு முன்னால் நின்றவரோடு சேர்த்து எல்லாரும் ஒரே மூச்சாக. அந்த மூச்சில் திரைச்சீலை உள்ளே போய் வெளியே வந்தது.

டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்தது கேள்வியைத்தான். விடையைப் படிக்கவே இல்லை. எதற்குப் படிக்க வேண்டும்? விடைதான் அவளுக்கு எப்போதோ தெரியுமே.

"எட்டுப் பேர்!" என்று என் கையைப் பிடித்தாள். "அக்கா, வீட்டுக்குள்ள எட்டுப் பேர்!"

என் கண்ணில் பட்டது அத்தனை இல்லை. ஆனால் கணக்கு டீச்சர் எட்டு என்றால் எட்டுதானே! மிச்சம் பேர் பரணில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் சாக்பீஸைப் பிடுங்கித் தானே எழுதப் பார்த்தாள். பலகையில் கீறல்கூட விழவில்லை.

"உங்க கைக்குத்தான் கேக்குது. எட்டால வகுங்க. ரெண்டு அடுக்கு மூணால வகுங்க. சீக்கிரம்!"

கல்யாணம் ஆன நாளாக அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். ÷ 2³ என்று எழுதினார். வகுத்தால் அடுக்கைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தார். கழித்தலில் தப்பே வரவில்லை, பாவம். 2⁻¹ என்று வந்தது.

திரைச்சீலை அசைவதை நிறுத்தியது. குளியலறை அடங்கிப்போனது. அடுப்படியில் யாரும் இல்லை.

பலகைக்கு முன்னால் அவர் நின்றார். தலை, கை, கால் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஜன்னல் வெயில் பாதிதான் அவர் மேல் விழுந்தது, மீதி அவரை ஊடுருவிப் போனது. சட்டைக் கட்டங்களுக்குப் பின்னால் சுவரிலிருந்த ஆணி தெரிந்தது. எங்களை நோக்கி நடந்தார். இடது கால் வைக்கும்போது மட்டும் சத்தம் கேட்டது.

டீச்சர் அப்போதுதான் விடையைப் படித்தாள்.

"பெருக்கிட்டீங்களா? அடுக்கைப் பெருக்கிட்டீங்களா?"

"நீதானே அன்னிக்கி டிக் போ..." என்றார். வாய் தொடர்ந்து அசைந்தது. குரல் அதோடு நின்றுவிட்டது.

"என்னடி ஆச்சு இவருக்கு?" என்று கேட்டேன்.

"நாலு பேர்தான் இருந்திருக்காங்க. நான் எட்டால வகுக்கச் சொல்லிட்டேன்." பலகையிலிருந்த 2⁻¹-ஐக் காட்டினாள். "பாதிதான் இருக்காருக்கா."

அழுது தீர்க்க நேரமில்லை. ஆணி முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிற மாதிரி எனக்கு இருந்தது. டீச்சர் சாக்பீஸை அவர் கையில் திணித்தாள்.

"ரெண்டு அடுக்கு ஒண்ணால பெருக்குங்க. இந்தத் தடவை கூட்டணும். மைனஸ் ஒண்ணும் ஒண்ணும் சேர்ந்தா பூஜ்ஜியம். ரெண்டு அடுக்கு பூஜ்ஜியம்னு எழுதுங்க."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பூஜ்ஜியமா? நான் இல்லாமப் போ..."

"போக மாட்டீங்க. எந்த எண்ணுக்கும் பூஜ்ஜியம் அடுக்கு போட்டா ஒண்ணுதாங்க வரும்."

"பூஜ்ஜியம்னா பூஜ்..."

மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். சுவருக்கும் அவருக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. கத்தினால் காரியம் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டு அடுக்கு மூணு எவ்வளவுங்க?"

"எட்..."

"ஒரு படி இறங்கினா ரெண்டு அடுக்கு ரெண்டு. நாலு. எட்டுல பாதி. இன்னும் ஒரு படி இறங்கினா ரெண்டு. நாலுல பாதி. சரியா? ஒவ்வொரு படிக்கும் பாதியாகுது. ரெண்டுக்குக் கீழே அடுத்த படி பூஜ்ஜிய அடுக்கு. ரெண்டுல பாதி எவ்வளவு?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"ஒண்..."

"அவ்வளவுதாங்க. ஒண்ணு. நீங்க அதுக்கும் கீழே ஒரு படியில நிக்கறீங்க. மேல ஏறி வாங்க."

அவர் பலகையிடம் வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுதினார்: × 2¹ = 2⁰.

ஆணி மறைந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார், நாற்காலி கிறீச்சிட்டது. வெயில் அவர் மேலேயே நின்றது. டீச்சர் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார்.

"நீ பயந்... நீ பயந்..." என்றார்.

டீச்சரின் அழுகை சட்டென்று நின்றது.

எழுந்து நடக்கச் சொன்னோம். இரண்டு காலிலும் சத்தம் கேட்டது. ஆனால் அது இடது காலின் சத்தமே இரண்டு தடவை.

வாசல்வரை வந்து, என்னால் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன்டி, அந்த இன்னொரு பாதி?"

"இருந்த பாதியைத்தானே இரட்டிச்சோம்?" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "பாதியும் பாதியும் ஒண்ணு. எந்தப் பாதின்னு கணக்கு கேக்காதுக்கா."

இப்போதும் அவர் வேலைக்குப் போய் வருகிறார். அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பம்ப் சத்தத்தில் யார் யாருடைய பேச்சை முழுசாகக் கேட்கிறார்கள்! வீட்டில் டீச்சர் சமாளிக்கிறாள். "நீ சாப்... நீ சாப்..." என்பார். "சாப்பிட்டேங்க" என்பாள். "நாளைக்கு சீக்கிரம்... நாளைக்கு சீக்கிரம்..." என்றால் "எழுப்பிவிடறேன்" என்பாள். கேட்கிறவர்களுக்கு அந்நியோன்னியமான தம்பதி என்றுதான் தோன்றும். எனக்கே சில சமயம் அப்படித் தோன்றியிருக்கிறது.

நேற்று சாயங்காலம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் நாற்காலியில் இருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாக வாயைத் திறந்தார்.

"உன்னை எனக்கு... உன்னை எனக்கு..."

டீச்சர் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. பதில் சொல்ல உதட்டைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள். அவர் முகத்தில் தேடினாள். அவர் வாய் அசைந்து, அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் முடித்து, மூடிக்கொண்டது.

அவள் மெல்ல எழுந்து வந்து என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.